“இன்னும் ரெண்டே ரெண்டு பால்தான்!”

“சும்மா கெட, ஏளா! இன்னும் ரெண்டே ரெண்டு பால்தான் இருக்கு. முடிஞ்சதும் நானே வந்து கார்ல ஏறுதேன்...”

என் அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னது இது. 2023 மே 29-ம் தேதி ராத்திரி... இல்லையில்லை, மணி ஒன்றரை ஆகிவிட்டதால் 30-ம் தேதி என்றுதான் சொல்ல வேண்டும். இடம், கொற்கைப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. அண்ணன் இடுப்பில் வேட்டி, மேலே ஏழாம் நம்பர் போட்ட மஞ்சள் பனியன். வலது கை நெஞ்சைத் தடவிக்கொண்டே இருக்கிறது. நெற்றியெல்லாம் வேர்வை. கண் மட்டும் டி.வி.யை விட்டு அசையவில்லை.

ஆமதாபாத்தில் ஐ.பி.எல். ஃபைனல். சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெயிக்க ரெண்டு பாலில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா முதல் பாலை சிக்ஸர் அடித்தார். அடுத்ததை ஃபோர். வீடே எழுந்து குதித்தது. அண்ணனும் எழுந்தார், ரெண்டு கையையும் தூக்கினார், அப்படியே பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த ரெண்டு பாலையும் ஊரே பார்த்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணனின் உதட்டை. அது வெளிறிப் போயிருந்தது.

பயப்படாதீர்கள். அண்ணன் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறார். இதை அவரிடம் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கித்தான் அனுப்புகிறேன். ‘பேரை மட்டும் போட்டுடாத’ என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை. இப்படி ஒரு ரசிகர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவருக்கு சுகரோ, பிரஷரோ, நெஞ்சில் ஸ்டென்ட்டோ இருக்கலாம். அவரை என்ன செய்வது? டி.வி.யை அணைப்பதா? ரிமோட்டை ஒளித்து வைப்பதா? நாங்கள் இரண்டையும் செய்து பார்த்தோம். இரண்டுமே தப்பு என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அண்ணன் மஞ்சள் கட்சியில் சேர்ந்த கதையே ஒரு தனிக் கதை. எங்கள் அப்பா தாழையூத்து சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். 1949-ல் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையை ஆரம்பித்தது அங்கேதான். 2008-ல் ஐ.பி.எல். வந்தபோது சென்னை அணியை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது அதே கம்பெனி. போதாதா! “அப்பா வேர்வை சிந்துன கம்பெனி... அப்ப இது நம்ம டீம்தானே” என்று அன்றைக்கே அண்ணன் கட்சி சேர்ந்துவிட்டார். பிற்பாடு அந்த அணி தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. சிமெண்ட் கம்பெனியும் 2024 கடைசியில் வேறு கைக்குப் போனது. அண்ணன் மட்டும் கட்சி மாறவில்லை.

ரிடையர் ஆன பிறகுதான் பைத்தியம் முற்றியது. பையன் சென்னையில், பெண் பெங்களூரில். தச்சநல்லூர் வீட்டில் அண்ணனும் மதினியும் மட்டும். மார்ச் பிறந்தால் தினசரி காலண்டர் பக்கத்திலேயே மேட்ச் அட்டவணையை ஒட்டிவிடுவார். நல்ல நேரம், ராகு காலம் பார்ப்பது மாதிரி ‘இன்னைக்கு யாரு, எந்த ஊரு’ என்று பார்த்துவிட்டுத்தான் காபி. பழைய கணக்கு நோட்டு ஒன்றில் பாயிண்ட் டேபிளைத் தானே போட்டுக்கொள்வார். நெட் ரன்ரேட்டைக்கூட கையாலேயே வகுத்துப் பார்ப்பார். நாம் ஒரு ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து நாம் ஒரு ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழிக்க வேண்டுமாம். எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் கணக்கு டீச்சராக இருந்தும் ஒழுங்காகப் புரிந்துகொள்ளவில்லை. மனசு போகாத கணக்கு மண்டையில் ஏறுமா?

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஒரு சீஸனில் 162 மேட்ச். ஒரு தோல்வியை மறுநாள் துடைத்துக்கொள்ளலாம். நம் லீகில் 14 மேட்ச்தான். ஒவ்வொன்றும் பரீட்சை மாதிரி! அதுவும் 2023 சீஸன் இருக்கிறதே... மார்ச் 31-ல் முதல் மேட்ச்சே குஜராத்திடம் தோல்வி. ஏப்ரல் 3-ல் நாலு வருஷம் கழித்து சேப்பாக்கத்துக்குத் திரும்பி, லக்னோவை 12 ரன்னில் ஜெயித்தார்கள். ஏப்ரல் 12-ல் அதே சேப்பாக்கத்தில் ராஜஸ்தானிடம் 3 ரன்னில் தோற்றார்கள். ஏப்ரல் 30-ல் பஞ்சாபிடம் கடைசிப் பாலில் தோல்வி. ஜெயித்த ராத்திரி அண்ணன் அல்வா சாப்பிடுவார். திருநெல்வேலிக்காரரை அல்வா சாப்பிடாதே என்றால் எப்படி? தோற்ற ராத்திரி, டின்னில் இருக்கும் காராச்சேவு தீரும். பத்து வருஷ சுகர் பேஷண்ட் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேனே!

இதை அண்ணனின் கெட்ட பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் 2013-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஃபுட்பால் அணி ஞாயிற்றுக்கிழமை தோற்ற ஊர்களில் திங்கட்கிழமை மக்கள் கொழுப்புச் சாப்பாட்டைக் கூடுதலாகச் சாப்பிட்டார்களாம். ஜெயித்த ஊர்களில் அது வழக்கத்தைவிடக் குறைந்ததாம். எங்கள் அண்ணனுக்குத் தோற்றால் காராச்சேவு, ஜெயித்தால் அல்வா. அமெரிக்கர்களைவிட ஒரு படி மேல்!

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம்.

ஃபைனல் 28-ம் தேதி நடக்க வேண்டியது. மழையில் ஒரு பால்கூடப் போடவில்லை. மறுநாளைக்குத் தள்ளிப் போனது. கோடை விடுமுறைக்கு எல்லோரும் ஊர் வீட்டில் கூடியிருந்தோம். குஜராத் 214 ரன் அடித்தது. அதில் 96 ரன் நம் சென்னைப் பையன் சாய் சுதர்சன் அடித்தது. “நம்ம பையனே நம்மள அடிக்கானே” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். சென்னை இறங்கி மூன்றே பாலில் மறுபடி மழை. சின்னப் பிள்ளைகள் பாயில் சுருண்டார்கள். நான், ‘போய்ப் படுங்களேன் அண்ணே, காலையில் ரிசல்ட் பார்த்துக்கலாம்’ என்றேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கல்யாண வீட்டில் தாலி கட்டுமுன் ‘வாங்க போகலாம்’ என்று கூப்பிட்டவளைப் பார்ப்பது மாதிரி!

பன்னிரண்டு பத்துக்கு மறுபடி ஆட்டம். 15 ஓவரில் 171 ரன் எடுக்க வேண்டும். ருத்துராஜும் கான்வேயும் விளாசினார்கள். ஏழாவது ஓவரில் இரண்டு பேருமே அவுட். அப்போதுதான் அண்ணன் முதல் தடவை நெஞ்சைத் தடவினார். ‘வாயு’ என்றார். மதினி எழுந்து போய் மோரில் பெருங்காயம் கலந்து கொண்டுவந்தாள். வேர்த்ததற்கு மே மாதப் புழுக்கத்தைக் காரணம் சொன்னோம். இடது தோள் கனக்கிறது என்றதற்கு ‘ஒரே பக்கமா சாஞ்சு உட்கார்ந்தா கனக்காதா?’ என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். உடம்பு நான்கு தடவை கதவைத் தட்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் ஒரு காரணம் சொல்லி அதை அனுப்பி வைத்தோம்.

பதிமூன்றாவது ஓவரில் தோனி முதல் பாலிலேயே அவுட். அண்ணன் ஒன்றுமே பேசவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. தோனி அவுட்டாகி அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்றால்? ‘ஆஸ்பத்திரிக்குப் போவோம்’ என்றேன். அதற்கு வந்த பதில்தான் முதல் வரி.

தூத்துக்குடிக்கு அரை மணிக்கும் மேல் கார்ப் பயணம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டியில் இருந்த டாக்டர், சின்ன வயசு, முதலில் கேட்டது ‘எத்தனை மணிக்கு வலி ஆரம்பிச்சது?’ என்றுதான். எங்களில் யாருக்கும் மணி தெரியவில்லை. மதினி மெதுவாகச் சொன்னாள்: ‘ருத்துராஜ் அவுட்டான ஓவர்ல, டாக்டர்.’

அவர் சிரிக்கவில்லை. ‘அப்ப மணி பன்னிரண்டே முக்கால் வாக்கில்’ என்று எழுதிக்கொண்டார். இப்போது மணி இரண்டரை. ஒன்றே முக்கால் மணி நேரம்!

அந்த நேரத்துக்கு என்ன விலை என்பதை மறுநாள் விளக்கினார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் சதை அரை மணி நேரம் வாக்கிலேயே சாக ஆரம்பிக்கிறது. செத்த சதை திரும்ப முளைக்காது. அடைப்பை ஊசி போட்டுக் கரைக்கலாம், பலூன் விட்டுத் திறந்து ஸ்டென்ட் வைக்கலாம். எதுவானாலும் முதல் ஒரு மணி நேரத்தில் நடந்தால் கிடைக்கும் பலன், தள்ளத் தள்ளக் குறைந்துகொண்டே போகும். அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார். ஆனால் இதயம் ரத்தத்தைத் தள்ளும் வேகம் குறைந்தது குறைந்ததுதான். முன்பு மூட்டையைத் தூக்கி மாடி ஏறியவர், இப்போது மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுகிறார்.

மேட்ச் பார்த்ததால்தான் மாரடைப்பு வந்ததா? வீட்டில் எல்லோரும் அப்படித்தான் முடிவு கட்டினோம். அது முழுப் பொய்யும் இல்லை. 2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பை ஃபுட்பால் நடந்தபோது மியூனிக் வட்டாரத்தில் டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசர கேஸ்கள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு. ஆண்களில் மூன்று மடங்குக்கு மேல், பெண்களிலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மேட்ச் ஆரம்பித்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் கூட்டம் அதிகமாம். அர்ஜென்டினாவை ஜெர்மனி பெனால்டியில் ஜெயித்த நாளும் இதில் ஒன்று. ஜெயிப்பதா, தோற்பதா என்பதில் இதயத்துக்கு அக்கறை இல்லை, இழுபறிதான் அதைப் படுத்துகிறது. இங்கிலாந்திலும் அப்படித்தான். 1998-ல் அதே அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்ற நாளிலும் அடுத்த இரண்டு நாட்களிலும், மாரடைப்புக்கு அட்மிட் ஆனவர்கள் 25 சதவிகிதம் அதிகம்.

டென்ஷன் ஏறினால் அட்ரினலின் சுரக்கிறது. நாடி துடிப்பு, பிரஷர் இரண்டும் ஏறுகின்றன. ரத்தம் உறையும் சுபாவம் கூடுகிறது. நல்ல குழாய் இதைத் தாங்கும். ஏற்கெனவே கொழுப்புப் படிந்த குழாயில் அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். மியூனிக்கில் மேட்ச் நாட்களில் வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தாலியில் இதே மாதிரி கணக்கெடுத்தவர்களுக்கு அப்படி ஒரு ஏற்றமே தென்படவில்லை. அண்ணனுக்கு அன்றைக்கு வராவிட்டாலும், அடுத்த மாதம் மின்சார பில்லைப் பார்த்து வந்திருக்கலாம். பத்து வருஷ சுகர், ரெண்டு மாசமாக இரவு பதினொன்றரைக்கு மேல் படுக்கை, டாஸ் பார்க்கும் அவசரத்தில் தினமும் மறந்துபோன சாயங்கால மாத்திரை, காராச்சேவு... இத்தனையும் சேர்ந்து குழாயைத் தயார் பண்ணி வைத்திருந்தன. மேட்ச் கடைசித் தள்ளு கொடுத்திருக்கலாம். ஆனால் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தோமே, அதை யார் செய்தது? ஜடேஜாவா?

நாங்கள் பழியை முழுக்க கிரிக்கெட் மேல் போட்டோம். அதுதான் சுலபம். அந்த ஜூலை 12-ம் தேதி டி.என்.பி.எல். ஃபைனல் தாழையூத்து சங்கர் நகர் மைதானத்திலேயே நடந்தது. நெல்லை ராயல் கிங்ஸ் நம் ஊரிலேயே ஃபைனல் ஆடுகிறது! வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஸ்டென்ட் வைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ‘ஓரமா உட்கார்ந்து பார்த்துட்டு வந்துடுதேன்’ என்று சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினார். விடவில்லை. கோவை கிங்ஸிடம் நெல்லை 104 ரன்னில் தோற்றது. ‘போகாம இருந்ததே நல்லதாப் போச்சு’ என்று நான்கூடச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

2024 சீஸனுக்கு டி.வி. கனெக்ஷனையே கட் பண்ணினோம். அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்தோம். அண்ணன் சண்டை போடவில்லை. அதுவே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மனுஷர் நாளுக்கு நாள் மந்தமானார். சென்னையில் இருக்கும் மகன் போன் பண்ணினால், ‘ம்... நல்லாருக்கேன், அம்மாகிட்ட பேசு’ என்று கொடுத்துவிடுவார். முன்பெல்லாம் அப்பாவும் பிள்ளையும் ஒரு ஓவருக்கு ஒரு தடவை போனில் கத்திக்கொள்வார்கள். ரிடையர் ஆன அப்பாவுக்கும் வேலையில் மூழ்கின பிள்ளைக்கும் நடுவில் பேச வேறு என்ன இருந்தது? எதை எடுத்தோம் என்பதே எங்களுக்குப் புரியவில்லை.

மே 18-ம் தேதி ராத்திரி பதினொன்றரை மணிக்கு மேல் மதினி முழித்துப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் அண்ணன் இல்லை. பாத்ரூமில் இல்லை. வாசல் கதவு பூட்டியபடி. மொட்டை மாடியில் போய்ப் பார்த்தால், தண்ணீர் டேங்க் ஓரத்தில் இருட்டில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெங்களூருடன் கடைசி லீக் மேட்ச். பிளே ஆஃபுக்குப் போக 201 ரன் எடுத்தால் போதும் என்று கணக்கு. கடைசி ஓவரில் 17 வேண்டும். தோனி முதல் பாலை சிக்ஸர் அடித்து, அடுத்த பாலில் அவுட். 191-ல் நின்றது. சீஸன் அதோடு முடிந்தது.

மதினி திட்டவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள். ‘இங்க வச்சு உங்களுக்கு நெஞ்சு வலிச்சா எனக்கு எப்படித் தெரியும்?’

மறுநாள் போனில் அவள் இதைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் பத்துப் பேர் நடுவில் பார்த்தவர், அப்படியும் தாமதமாகத்தான் கிளம்பினோம். இந்த வருஷம் இருட்டில், தனியாக, திருட்டுத்தனமாக! ஆபத்தைக் குறைக்கிறோம் என்று நினைத்து, ஆபத்தை மொட்டை மாடிக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

அதனால்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டு ரசிகரிடம் ‘மேட்ச் பார்க்காதே’ என்று சொல்லாதீர்கள். ‘மேட்ச் முடியட்டும்’ என்று அவர் சொல்ல முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு. நெஞ்சில் அழுத்தமோ கனமோ வந்து, அது தோள், கை, தாடை என்று பரவி, கூடவே வேர்த்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அங்கேயே மேட்ச் முடிந்தது. 108-க்கு போன். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. சுகர் உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், குமட்டல், காரணமில்லாத அசதி என்று மட்டும்கூட வரலாம். ‘வாயு’வா, இல்லையா என்பதை ஈ.சி.ஜி. சொல்லட்டும். பெருங்காய மோர் சொல்ல வேண்டாம்.

‘என்ன மேடம், ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு வக்காலத்தா?’ என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் கேட்டவள்தான். டேனியல் வான் என்று ஓர் அமெரிக்க மனநல ஆராய்ச்சியாளர், ரசிகர்களைப் பற்றியே வருஷக்கணக்காக ஆராய்ந்தவர். தன் ஊர் அணியோடு மனதை ஒட்டிக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்ச்சி குறைவு என்கிறார். அதற்குக் காரணம் ஆட்டம் இல்லை, ஆட்டத்தை வைத்துக் கிடைக்கிற மனிதர்கள். டீக்கடையில் முகம் தெரியாத ஒருவர் ‘என்ன அண்ணாச்சி, நேத்து இப்படி ஆயிப் போச்சு’ என்று கேட்பாரே, அந்தக் கேள்வி. அறுபது வயதுக்கு மேல் அந்தக் கேள்வியை வேறு யார் கேட்கிறார்கள்? பாஸ்டன் நகரத்து பேஸ்பால் ரசிகர்கள் 1918-க்கு அப்புறம் அடுத்த கோப்பைக்கு 2004 வரை காத்திருந்தார்கள். சிகாகோவில் 1908-லிருந்து 2016 வரை! பிறந்து, வளர்ந்து, கிழவனாகி, ஒரு கோப்பையும் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஆண்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் டீமுக்குக் கொடுக்கிற கோபத்தை வீட்டில் இருப்பவர்கள் மேல் காட்டாதீர்கள். இது சும்மா சொல்கிற பேச்சில்லை. அமெரிக்காவில் ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிய ஃபுட்பால் அணி தோற்ற நாட்களில், மனைவி, காதலி மேல் கை நீட்டிய புகார்கள் 10 சதவிகிதம் கூடியதாக 2011-ல் இரண்டு பொருளாதார நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் யாரும் கணக்கெடுக்காவிட்டாலும், தட்டு பறக்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலா இருக்கிறது? அப்புறம், மேட்ச் ராத்திரியில் யார் நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். பஜ்ஜி, காபி, மறுபடி காபி, பதினொன்றரைக்கு மேல் சாப்பாடு, பாத்திரம். மதினி ரெண்டு மாசம் அஞ்சரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியதே இல்லை. அவளுக்கும் பிரஷர் உண்டு. அந்த ராத்திரி அவளுக்கு வந்திருந்தால் ‘வேலை அதிகம், அசதி’ என்று சொல்லியிருப்போம்.

2025 சீஸனுக்கு முன்னால் அண்ணனின் டாக்டரிடமே போய் உட்கார்ந்து கேட்டோம். பார்க்கலாம், ஆனால் மாத்திரை தவறக் கூடாது, தனியாகப் பார்க்கக் கூடாது என்றார். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது சரி என்று அவருடைய டாக்டரைத்தான் கேட்க வேண்டும், என்னை இல்லை. எங்கள் வீட்டில் கனெக்ஷன் திரும்ப வந்தது, அட்டவணையும் சுவருக்கு வந்தது. டாஸுக்கு முன்னால் சாப்பாடும் மாத்திரையும் முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் டி.வி. ஆன் ஆகாது, சட்டம்! டைம் அவுட் வந்தால் எழுந்து திண்ணை வரை ஒரு நடை. காராச்சேவு டின் எங்கள் வீட்டுக்கு மாற்றலாகி வந்துவிட்டது. (அதனால் என் எடை கூடியது வேறு விஷயம்.) அட்டவணைக்கு மேலேயே 108-ம், பக்கத்து வீட்டு டிரைவர் தம்பியின் நம்பரும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. கோவிலுக்குப் போகிறோமோ இல்லையோ, ஐ.பி.எல். மாதத்தில் அண்ணன் வீட்டுக்கு வாரம் ஒருமுறை நாங்கள் போய்விடுகிறோம், மேட்ச் பார்க்க. காபி போடுவது என் வீட்டுக்காரர். சுமாராகத்தான் இருக்கும். குடித்துக்கொள்வோம்.

வேடிக்கை என்னவென்றால், அண்ணனைத் திரும்ப உட்கார வைத்த வருஷம் பார்த்து டீம் அப்படி ஆடியது! தொடர்ந்து ஐந்து தோல்வி. சேப்பாக்கத்தில் 2008-க்குப் பிறகு பெங்களூரிடம் தோற்றார்கள், 2010-க்குப் பிறகு டெல்லியிடம் தோற்றார்கள். ஹைதராபாத்திடம் அங்கே தோற்றதே இல்லை, அதுவும் நடந்தது. 14 மேட்ச்சில் நாலே வெற்றி. பத்து அணியில் பத்தாவது இடம், முதல் தடவையாக. நானே பயந்தேன், மனுஷருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. அண்ணன் என்னடாவென்றால் தினமும் நோட்டை எடுத்து வைத்து, ‘இன்னும் கணக்குப்படி சான்ஸ் இருக்கு’ என்று வகுத்துக்கொண்டிருந்தார். சான்ஸ் போன பிறகும் வகுத்தார். மகன் போனில் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்!

கடைசி மேட்ச் மே 25, அதே ஆமதாபாத், அதே குஜராத். நல்ல வேளையாக மதியம் மூன்றரைக்கே ஆரம்பம். அன்றைக்கு என்னால் போக முடியவில்லை. மகனும் மருமகளும் லீவில் வந்திருந்ததால் கவலைப்படவில்லை. சாயங்காலம் போன் வந்தது.

“ஏளா, பார்த்தியா? 83 ரன்ல ஜெயிச்சிட்டோம்!”

“கடைசி இடம்தானே அண்ணே?”

“கடைசி இடம்தான். அதுக்கு என்ன இப்போ? 83 ரன்னுளா!”

“மாத்திரை?”

“இன்னிங்ஸ் பிரேக்லயே போட்டாச்சு. உன் மதினிகிட்ட வேணா கேட்டுக்கோ. அவ இங்கதான் உட்கார்ந்திருக்கா, எனக்கு முன்னால கை தட்டுனது அவதான்.”